சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒலி: பழைய பொலேரோவின் செல்ஃப் மோட்டாரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி, 18 ஜூன் 2023

என்னிடம் 2006ஆம் ஆண்டு பொலேரோ டீசல் வண்டி இருக்கிறது. பேட்டரி மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது. சாவியைத் திருப்பினால் சில நேரம் உடனே எடுக்கிறது. சில நேரம் ‘டக்’ என்று ஒரு ஒலி மட்டும் கேட்டு நின்றுவிடுகிறது. ஐந்தாறு முறை திருப்பியபின் எடுத்துவிடும். பட்டறையில் பார்த்தவர் வண்டிக்கு அடியில் குனியாமலேயே ‘செல்ஃப் போயிடுச்சு, புதுசு போட்டுடலாம்’ என்றார். இன்ஜினைச் சுற்றி எடுக்கவைக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரைத்தான் செல்ஃப் என்கிறார். போட்டுவிடலாமா?

18 ஜூன், இரவு

போடாதீர்கள், இப்போதைக்கு. வால்பாறையில் நானும் 2005ஆம் ஆண்டு பொலேரோவைத்தான் ஓட்டுகிறேன். ‘செல்ஃப் போயிடுச்சு’ என்ற அதே சொல்லை சென்ற நவம்பரில் நானும் கேட்டேன். கோளாறு அப்போது மோட்டாரில் இல்லை. இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டையில் இருந்தது.

முதலில் ஒலியைக் கவனியுங்கள். ‘டகடகடக’ என்று விடாமல் அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் உயிர் இல்லை, அல்லது அதன் முனைகள் பூத்துப்போயிருக்கின்றன. மோட்டார் ‘விர்ர்’ என்று தனியாகச் சுற்றி இன்ஜின் அசையாவிட்டால், மோட்டாரின் சுழற்சியை இன்ஜினுக்குக் கடத்தும் பெண்டிக்ஸ் கிளட்ச் வழுக்குகிறது. ‘கரகர’ என்று பல் தேயும் ஒலி வந்தால் இன்ஜினின் ஃபிளைவீல் சக்கரத்தைச் சுற்றியிருக்கும் பல்வளையமான ரிங் கியரைப் பார்க்க வேண்டும். நீங்கள் சொல்லும் ஒற்றை ‘டக்’ இவற்றில் எதிலும் சேராது. மோட்டாரோடு இருக்கும் மின்காந்த சுவிட்சான சோலனாய்டு தன் வேலையைச் செய்துவிட்டது, ஆனால் மோட்டாருக்குப் போக வேண்டிய பெருமின்சாரம் எங்கோ தடைபட்டு நிற்கிறது என்பதே அந்த ஒலிக்குப் பொருள்.

இருட்டில் ஹெட்லைட்டைப் போட்டுச் சுவரைப் பார்த்தபடி சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அப்படியே சுருங்கி மஞ்சளானால் மோட்டார் மின்சாரத்தை இழுக்கிறது, ஆனால் பேட்டரியோ இணைப்போ தாங்கவில்லை. வெளிச்சம் ஏறக்குறைய மாறாமல் இருந்தால் மோட்டாருக்குள் மின்சாரம் நுழையவே இல்லை.

19 ஜூன்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய வண்டி வைத்திருப்பவருக்கு ஸ்பேனரைவிட முன்னதாகத் தேவைப்படும் கருவி அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2க்கு இறங்கியிருந்தால் அதில் பாதி சார்ஜ்தான் இருக்கிறது. இன்ஜின் சுற்றும்போது பேட்டரியின் முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. அடுத்தது வோல்டேஜ் வீழ்ச்சி, அதாவது கேபிளிலும் இணைப்பிலும் எவ்வளவு வோல்ட் வீணாகிறது என்பது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ் தலையில் வையுங்கள், மறுமுனையைச் செல்ஃப் மோட்டாரின் பெரிய திருகில் வையுங்கள், ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் அந்தக் கேபிள் நல்லது. அதேபோல் பேட்டரியின் மைனஸ் தலைக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே பாருங்கள், 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எனக்கு உறுத்தத் தொடங்கிவிடும்.

என் வண்டியில் அந்த இடத்தில் 1.8 வோல்ட் காட்டியது. இன்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் மோட்டாருக்குப் போன மின்சாரம் முழுவதும் பேட்டரிக்குத் திரும்ப அந்த ஒரு பட்டைதான் வழி. பட்டை மேலே பார்க்கக் குறையில்லாமல் இருந்தது. கறுப்பு உறையை விரலால் மடக்கியபோது உள்ளே மொறமொறவென்று நொறுங்கிப் பச்சை நிறத் தூள் என் உள்ளங்கையில் கொட்டியது. பின்னல் கம்பிகளில் முக்கால்வாசி அறுந்திருந்தன. டீசல் இன்ஜினைச் சுற்ற 200 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொண்டால், 1.8 வோல்ட் வீழ்ச்சிக்கு அங்கே இருந்த தடை 0.009 ஓம்தான். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் இது சுழியாகவே தெரியும். ‘ஓம் வெச்சுப் பார்த்துட்டேன், கேபிள் நல்லா இருக்கு’ என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள்.

20 ஜூன், காலை

கேள்வி கேட்டவர் அளந்து எழுதியிருக்கிறார். ‘டக்’ ஒலி வரும் நேரத்தில் பேட்டரியில் 12.1 வோல்ட், மோட்டாரின் பெரிய திருகில் 12.0, எர்த் பக்கம் 0.1. ‘கேபிள்கள் நல்லவை என்று முடிவு செய்யலாமா?’ என்று கேட்கிறார்.

செய்ய முடியாது. நேற்று நான் எழுதியதில் ஒரு பெரிய விடுபடல் இருக்கிறது, இந்த எண்கள்தான் அதைக் காட்டிக்கொடுத்தன. வோல்டேஜ் வீழ்ச்சி என்பது மின்சாரம் பாயும்போது மட்டுமே தெரியும். ‘டக்’ என்று நின்றுவிடும் நேரத்தில் மோட்டாரில் பெருமின்சாரம் பாயவில்லை, சோலனாய்டு மட்டுமே சிறிது இழுக்கிறது. அப்போது பாதி அறுந்த பட்டைகூட நல்லதைப் போலவே எண் காட்டக்கூடும். ஆகவே, இன்ஜின் ஒழுங்காகச் சுற்றும் தடவையில் அளந்ததை வைத்தே கேபிளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இன்னும் ஒரு முறை அளந்துவிடுங்கள்.

ஆனால் உங்கள் எண்கள் வீண் போகவில்லை. மோட்டாரின் வாசல் வரை 12 வோல்ட் வந்து நிற்கிறது, உள்ளே போகவில்லை என்பது அவற்றிலிருந்து உறுதியாகிவிட்டது.

20 ஜூன், மாலை

சோலனாய்டில் மூன்று இணைப்புகள் இருக்கும். பேட்டரிக் கேபிள் வந்து சேரும் பெரிய திருகு 30. சாவியிலிருந்து மெல்லிய ஒயர் வருவது 50. மூன்றாவது, சோலனாய்டிலிருந்து மோட்டாருக்குள் இறங்கும் பட்டை. ‘டக்’ என்று நிற்கும்போது அந்த மூன்றாவது திருகுக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே அளந்து பாருங்கள்.

உள்ளே நடப்பது இது. சோலனாய்டுக்குள் இரண்டு சுருள்கள். ஒன்று இழுக்கும் சுருள். அது தன் எர்த்தை, மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. மற்றது பிடித்து வைக்கும் சுருள். அதற்கு உடலிலேயே எர்த் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இரும்புத் தண்டை இழுக்கும்போது, அதன் ஒரு முனை நெம்புகோல் வழியாகப் பினியன் என்ற சிறு பல்சக்கரத்தை ரிங் கியருக்குள் தள்ளுகிறது, மறுமுனையில் இருக்கும் செம்புத் தட்டு இரண்டு செம்புப் புள்ளிகளின் மேல் போய் உட்கார்ந்து பெருமின்சாரத்தைத் திறந்துவிடுகிறது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரஷ் முற்றிலும் தேய்ந்து, அது உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரைத் தொடாமல் போனால் இழுக்கும் சுருளுக்கு எர்த் கிடைக்காது. எனவே திடமான ‘டக்’ வரவே வராது. அழுத்தமாக ‘டக்’ வந்து மோட்டார் சுற்றவில்லை, மூன்றாவது திருகிலும் வோல்ட் இல்லை என்றால் செம்புப் புள்ளிகள் கரிந்திருக்கின்றன. அங்கே 12 வோல்ட் வந்தும் மோட்டார் அசையவில்லை என்றால் பிரஷையும், மோட்டாருக்குள் சுழலும் சுருளான ஆர்மேச்சரையும் பாருங்கள்.

21 ஜூன்

கேள்வி கேட்டவர் மூன்றாவது திருகில் 0.4 வோல்ட் என்று எழுதியிருக்கிறார். செம்புப் புள்ளிகளேதான். முழு மோட்டாரையும் மாற்றத் தேவையில்லை. சோலனாய்டைப் பிரித்துப் புள்ளிகளை மாற்றலாம், பிரிக்க முடியாத வகையாக இருந்தால் சோலனாய்டை மட்டும் மாற்றலாம்.

23 ஜூன்

இன்னொரு வாசகர், ‘சுத்தியலால் செல்ஃப்பைத் தட்டினால் எடுக்கிறதே, அது போதாதா?’ என்று கேட்கிறார். தட்டினால் எடுப்பதற்குக் காரணம் உண்டு. தேய்ந்து தன் கூட்டில் சிக்கிய பிரஷ் அந்த அதிர்வில் கொஞ்சம் நகர்ந்து கம்யூட்டேட்டரைத் தொடுகிறது. நடுவழியில் நின்றவர் வீடு சேர ஒருமுறை, இரண்டுமுறை மரக்கட்டையால் மெல்லத் தட்டிக்கொள்ளலாம். ஓங்கி அடிக்கக் கூடாது. சில மோட்டார்களில் உள்ளே சுருளுக்குப் பதிலாக நிரந்தரக் காந்தங்கள் இருக்கும், அடித்தால் அவை விரிசல் விடும்.

ஸ்க்ரூடிரைவரால் 30ஐயும் 50ஐயும் இணைத்து எடுக்கும் பழக்கத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார். சாவிப் பக்கக் கோளாறா, சோலனாய்டுப் பக்கக் கோளாறா என்று பிரித்தறிய அது உதவும். ஆனால் வண்டி கியரில் இருந்தால், அடியில் படுத்திருப்பவர் மேலேயே அது ஏறிவிடும். நியூட்ரல், கைபிரேக், நான்கு சக்கரத்துக்கும் கல் ஆகியவை இல்லாமல் இதைச் செய்யவே கூடாது என்று வணங்கிக் கேட்டுக்கொள்கிறேன்.

2 ஜூலை

இன்று காலை என் வண்டி எடுக்கவில்லை. எர்த் பட்டையை மாற்றியதோடு எல்லாம் தீர்ந்தது என்று 18ஆம் தேதி எழுதும்போது நினைத்திருந்தேன், தீரவில்லை. இரவெல்லாம் மழை. சாவியைத் திருப்பினேன், ‘டக்’. மறுபடியும் ‘டக்’. மூன்றாவது திருகில் மீட்டரை வைத்துப் பார்த்தேன்: 0.6 வோல்ட்.

எங்கள் ஊரில் வண்டியை எப்போதும் இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவோம். சாவியை ஆன் நிலையில் வைத்து, கிளட்சை மிதித்து, இரண்டாம் கியரில் பத்தடி உருளவிட்டு, கிளட்சை விட்டேன், எடுத்துக்கொண்டது. சாவியை ஆனில் வைப்பது முக்கியம். இயந்திரப் பம்ப் வைத்த பழைய டீசலிலும் எரிபொருளைத் திறந்துவிடும் சிறிய சோலனாய்டுக்குப் பேட்டரி மின்சாரம் வேண்டும். பேட்டரி அடியோடு செத்துவிட்டால் எவ்வளவு தள்ளினாலும் எடுக்காது. காமன் ரெயில் இன்ஜின் என்றால் கணினிக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால் நிலைமை இன்னும் கடினம்.

3 ஜூலை

நேற்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எர்த் பட்டையும் செம்புப் புள்ளிகளும் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இல்லை. ஒன்றுக்கு மற்றது பலியாகியிருக்கிறது. பட்டை அறுந்துகொண்டிருந்த மாதங்களில் சோலனாய்டுக்குப் போதிய வோல்ட் கிடைக்கவில்லை. செம்புத் தட்டு புள்ளிகளின் மேல் அழுத்தமாக உட்காராமல் நடுங்கி நடுங்கி உட்கார்ந்தது, ஒவ்வொரு நடுக்கத்திலும் பொறி பறந்து செம்பு கரிந்தது. நவம்பரில் பட்டையை மாற்றியதும் மோட்டார் பளிச்சென்று சுற்றியதால் அதற்குள் ஏற்பட்டுவிட்ட சேதம் என் கண்ணில் படவில்லை.

இதை மறுபக்கமாகவும் பார்க்க வேண்டும். அன்றைக்குப் பட்டறைக்காரர் சொன்னபடி புது மோட்டார் போட்டிருந்தால், அதே அழுகிய பட்டை அந்தப் புது மோட்டாரையும் சில மாதங்களில் இதே கதிக்கு ஆளாக்கியிருக்கும். ஆகவே கேள்வி கேட்டவருக்கு: புள்ளிகளை மாற்றும் அன்றைக்கே இன்ஜின் சுற்றும்போது இரண்டு பக்க வீழ்ச்சியையும் அளந்துவிடுங்கள். உங்கள் புள்ளிகளைக் கரித்தது எது என்று தெரியாமல் வண்டியை மூடாதீர்கள்.

6 ஜூலை

மோட்டாரைக் கழற்றினேன். முதலில் பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்ற வேண்டும், திரும்பப் போடும்போது அதைக் கடைசியாகப் போட வேண்டும். செல்ஃப் மோட்டாருக்கு வரும் பெரிய கேபிளில் பெரும்பாலான பழைய வண்டிகளில் ஃபியூஸ் கிடையாது. மைனஸைக் கழற்றாமல் அந்தத் திருகில் ஸ்பேனரைப் போட்டு, அதன் வால் சேஸிஸைத் தொட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து ஸ்பேனர் அங்கேயே வெல்டாகி ஒட்டிக்கொள்ளும். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டே அடியில் போனேன். ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரண்டு பக்கமும் தாங்கிகள் வைத்தேன்.

பதினெட்டு ஆண்டுச் சேறும் எண்ணெயும் சேர்ந்து திருகுகளை மூடியிருந்தன. கம்பிப் பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை முந்தைய இரவே தெளித்து வைத்திருந்தேன். கீழ்த் திருகு எளிதாக வந்தது. மேல் திருகு கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நீண்ட எக்ஸ்டென்ஷனும் ஒரு யூனிவர்சல் ஜாயின்ட்டும் போட்டுக் கால் மணி நேரம் போராடினேன். கடைசித் திருகை எடுக்கும்போது ஒரு கையால் மோட்டாரைத் தாங்கிக்கொள்ளுங்கள். கையில் கனமாக இறங்கும், முகத்துக்கு நேரே.

மோட்டார் வந்து உட்காரும் முகப்பையும் உப்புத்தாளால் தேய்த்து வெள்ளையாக்கினேன். மோட்டாருக்கு எர்த் கிடைப்பது அந்த உலோக முகப்பின் வழியாகத்தான். அங்கே பெயின்ட் அடித்து அழகுபடுத்தும் நல்லெண்ணம் யாருக்காவது இருந்தால், தயவுசெய்து வேண்டாம்.

8 ஜூலை

நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் பொள்ளாச்சியில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் பெரியவரிடம் மோட்டாரைக் கொண்டுபோனேன். மேசையில் வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “எர்த் பார்த்தீங்களா தம்பி?” அந்த ஒரு கேள்வியிலேயே சரியான இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று தெரிந்துவிட்டது.

சோலனாய்டின் பின்மூடியைத் திறந்தார். இரண்டு செம்புப் புள்ளிகளில் பேட்டரிப் பக்கத்துப் புள்ளி பாதிக்கு மேல் தேய்ந்து, பிறை நிலவைப் போல ஒரு குழி விழுந்திருந்தது. அதன் மேல் கறுப்புக் கசடு. செம்புத் தட்டில் அதற்கு நேரான இடம் கடித்த பிஸ்கெட்டைப் போல இருந்தது. தட்டைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம் புதிதாகக் கிடைக்குமே என்று கேட்டேன். “போடலாம், ஆனா புள்ளி தேய்ஞ்சா தட்டு இன்னும் தள்ளிப் போய்த்தான் தொடும், அழுத்தம் கிடைக்காது” என்றார். இரண்டையும் மாற்றினோம்.

பிரஷ்களில் இரண்டு, அடையாளக் கோட்டுக்குக் கீழே தேய்ந்திருந்தன. கம்யூட்டேட்டரைக் கடைசலில் லேசாக ஒரு சுற்று எடுத்து, செம்புப் பட்டைகளுக்கு இடையே இருக்கும் மைக்காவை முறிந்த ரம்பத் துண்டால் ஒவ்வொரு கோடாகக் கீறிப் பள்ளமாக்கினார். மைக்கா மேலே நின்றால் பிரஷ் அதன் மேல் குதித்துக் குதித்துப் பொறி கிளப்பும். ஆர்மேச்சரின் தண்டைத் தாங்கும் முன்புறப் புஷ்ஷையும் மாற்றினார். புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் ஒருபக்கம் சாய்ந்து காந்தத் துண்டுகளை உரசும், அந்த உரசலுக்கே பாதி மின்சாரம் செலவாகிவிடும். ஆர்மேச்சர் சுருளில் ஷார்ட் இல்லை. மொத்தச் செலவு புது மோட்டார் விலையில் கால் பங்குகூட வரவில்லை.

21ஆம் தேதி ‘புள்ளிகளை மட்டும் மாற்றலாம்’ என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். இத்தனை ஆண்டு ஓடிய மோட்டாரைக் கழற்றும் சிரமத்தை ஒருமுறை பட்டபின், பிரஷையும் புஷ்ஷையும் பார்க்காமல் திரும்ப மாட்டுவது சரியாகாது.

14 ஜூலை

சென்னை வாசகர் ஒருவர் புதுப்பேட்டையில் பழைய மோட்டார் ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார். திருகுகள் எல்லாம் சரியாகப் பொருந்தின, ஆனால் எடுக்கும்போது ‘கரகர’ என்கிறது என்று எழுதியிருக்கிறார். உடனே நிறுத்திவிடுங்கள். பழைய மோட்டாரையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பினியனின் பற்களை எண்ணுங்கள். பொருத்தும் முகப்பு ஒன்றாக இருந்தும் பல் எண்ணிக்கை மாறிய மோட்டார்கள் சந்தையில் உண்டு. பினியன் போனால் சிறிய செலவு. ரிங் கியர் போனால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்.

15 ஜூலை

எண்ணிவிட்டார். ஒரு பல் கூடுதல். மோட்டாரைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்.

ரிங் கியரையும் பார்த்துவிடும்படி சொல்லியிருக்கிறேன். நான்கு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது கம்ப்ரஷன் எதிர்த்துத் தள்ளுவதால் பெரும்பாலும் ஃபிளைவீலின் இரண்டு இடங்களில் ஒன்றில்தான் நிற்கும். அந்த இரண்டு இடங்களும் ஒன்றுக்கொன்று எதிரெதிரே இருக்கும், பற்களும் அங்கேதான் தேயும். வண்டியைக் கியரில் போட்டுச் சற்றுத் தள்ளிவிட்டபின் சத்தமில்லாமல் எடுத்தால் தேய்வு அங்கே இருக்கிறது என்று அறியலாம்.

27 ஜூலை

காலையில் நன்றாக எடுக்கிறது, நெடுந்தூரம் ஓட்டி டீக்கடையில் நிறுத்தினால் எடுக்க மறுக்கிறது, அரை மணி நேரம் ஆறினால் மறுபடி எடுக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 25 டிகிரியில் இருந்த சுருள் எக்ஸாஸ்ட் சூட்டில் 100 டிகிரிக்குப் போனால் தடை கிட்டத்தட்ட 29 சதவீதம் கூடிவிடும். ஆரோக்கியமான மோட்டார் இதைத் தாங்கும். ஏற்கெனவே தேய்ந்த பிரஷோ பலவீனமான இணைப்போ இருந்தால் தாங்காது. வெப்பம் தடுக்கும் தகடு காணாமல் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கழற்றியவர்கள் பலர் அதைத் திரும்ப மாட்டுவதில்லை. பிறகு சூடாக இருக்கும்போதே 50ஆம் இணைப்பில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்து எழுதுங்கள். கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள்.

29 ஜூலை

8.7 வோல்ட். பேட்டரியில் அதே நேரத்தில் 12.0. மூன்று வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போகிறது. இழுக்கும் சுருள் ஒரு நொடி நேரம் முப்பது, நாற்பது ஆம்பியர் வரை கேட்கும். பழைய வண்டிகள் பலவற்றில் அந்த மின்சாரம் முழுவதும் சாவி சுவிட்சின் சிறிய புள்ளிகள் வழியாகவே போகிறது. ஆண்டுகள் ஆக ஆக அவையும் கரிந்துவிடும். சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே ஒன்றைப் போட்டு, சாவியை ரிலேக்கு மட்டும் கட்டளை இடவைத்து, 50க்கான மின்சாரத்தைத் தடித்த ஒயரில் ஃபியூஸோடு பேட்டரியிலிருந்து நேரே கொண்டுவருவது நல்ல தீர்வு. ரிலே அந்த ஆம்பியரைத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஹாரனுக்குப் போடும் சிறியது போதாது.

12 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் புள்ளிகளையும் பிரஷையும் மாற்றிவிட்டார். இன்ஜின் சுற்றும்போது அவருடைய எர்த் பக்க வீழ்ச்சி 0.9 வோல்ட். சேஸிஸில் பட்டை திருகப்பட்ட இடத்தில் பெயின்டுக்கு அடியில் துரு இருந்திருக்கிறது. தேய்த்துத் திருகியபின் 0.15க்கு வந்துவிட்டது. 20ஆம் தேதி ‘டக்’ நேரத்தில் அவருக்கு 0.1 காட்டியது இதே இணைப்புத்தான் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

என் வண்டி ஐந்து வாரமாக ஒரே திருப்பில் எடுக்கிறது. ஆனால் 29ஆம் தேதி எழுதியபின் என் 50ஆம் இணைப்பையும் அளந்து பார்த்தேன், 9.8 தான் இருக்கிறது. ரிலே வாங்கி வைத்திருக்கிறேன். மழை விட்டதும் மாட்டிவிட்டு எண்ணை எழுதுகிறேன்.